ஹைபிரிட் பற்றறி மாற்றக் கொடுக்குமுன் வாசியுங்கள்

யாழ்ப்பாணத்தில் ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் எனக்கு நேர்ந்ததை அறிந்திருப்பது நல்லது.

எனது 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்குவாவில் மாசி மாதம் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. நகரை அண்டிய ஒரு கராஜில் ஸ்கானரைச் செருகிப் பார்த்த முதலாளி, "மாஸ்டர், பற்றறி முழுசும் போட்டுது, ஜப்பான் செற் ஒண்டு கிடக்கு, போட்டுத் தாறன்" என்றார். 2020 இல் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய வண்டியையே பேணி ஓட்டப் பழகியிருந்த நான், மறுபேச்சின்றி 190,000 ரூபா கொடுத்தேன். மாலையில் விளக்கு அணைந்த காருடன் வீடு வந்தேன்.

ஏழு கிழமைக்குள், ஆனையிறவைக் கடக்கும்போது அதே விளக்கு மீண்டும் எரிந்தது.

சுன்னாகத்தில் வேறொரு மெக்கானிக் பின் இருக்கையைக் கழற்றி, என் கண்முன்னே பெட்டியைத் திறந்தார். அக்குவாவின் பற்றறி, ஒவ்வொன்றும் 7.2 வோல்ற் கொண்ட 20 மொடியூல்களை, அதாவது சிறு பற்றறித் துண்டுகளை, தொடுத்து 144 வோல்ற் தருவது. அவற்றில் இரண்டு மட்டும் துடைத்துவிட்டதுபோல் இருந்தன. மற்றப் பதினெட்டிலும் பழைய அழுக்கும், செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பும் அப்படியே இருந்தன. குளிரூட்டும் விசிறியோ வலிகாமத்துச் செம்மண் தூசியாலும் எங்கள் நாயின் மயிராலும் அடைத்துக் கிடந்தது. அதைக்கூட அவர்கள் தொடவில்லை. ஸ்கானரில் கணினி பதிந்த பிழைக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணைந்துவிடும் என்றும், தளர்ந்த மொடியூல்களின் வோல்ற் வேறுபாட்டைக் காரின் கணினி ஓட்டத்தில் மறுபடி கண்டுபிடிக்கும்வரை அது எரியாது என்றும் அவர் விளக்கினார்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் ஓடிய எங்கள் மொறிஸ் மைனரைத் திருத்தியவர், கழற்றிய சாமானைக் கரியோடு அப்பாவின் கையில் வைப்பார். எனக்குக் காட்டப்பட்டதோ ஒரு திரை மட்டுமே. பழைய மொடியூல்களைக் கேட்டபோது, இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள்.

ஆகவே, வேலைக்கு முன்னும் பின்னும் 20 மொடியூல்களின் அளவீட்டையும் எழுதித் தரும்படி கேளுங்கள். பெட்டி திறக்கும்போது அருகில் நில்லுங்கள். பற்றுச்சீட்டில் வாகன இலக்கமும் உத்தரவாதக் காலமும் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். என்னுடையதில் "ஹைபிரிட் வேலை" என்ற இரண்டு சொற்களும் தொகையுமே இருந்தன. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்பதால், அந்தத் துண்டையும் சுன்னாகத்தில் எடுத்த படங்களையும் சேர்த்துக் கடந்த கிழமை கொடுத்திருக்கிறேன்.