கைப் பம்பா, சிறிய கம்ப்ரஸரா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பிள்ளைகள் இருவர் 10 மீட்டர் ஏர் ரைபிள் (அடைத்த காற்றின் விசையால் 10 மீட்டர் தூர இலக்கைச் சுடும் துப்பாக்கி) பயில்கிறார்கள். அந்தத் துப்பாக்கியின் சிலிண்டரில் காற்றடைக்க எதை வாங்குவது என்று அவர்களின் பெற்றோர் கேட்டார்கள். டயருக்குக் காற்றடிக்கும் கருவி இதற்கு உதவாது. போட்டித் துப்பாக்கியின் சிலிண்டருக்குப் பெரும்பாலும் 200 பார் அழுத்தம் வேண்டும்.

விலை: பம்ப் மலிவு. கம்ப்ரஸர் அதைப்போலச் சில மடங்கு.

உழைப்பு: 150 பார் தாண்டியதும் பம்பின் கைப்பிடி கல்லாய்க் கனக்கிறது, உடல் எடையையே அதன்மேல் சாய்க்க வேண்டும். சிறு பிள்ளைகளால் முடியாது. 12 வோல்ட் கம்ப்ரஸரைக் கார் பேட்டரியில் இணைத்தால் போதும்.

ஆயுள்: இரண்டுக்கும் எதிரி சூடும் ஈரமும்தான். பம்பை ஐந்து நிமிடம் அடித்தால் அதே அளவு ஆறவிடுங்கள். கம்ப்ரஸரின் வடிகால் திருகைத் திறந்தால், மழைக்காலத்தில் நீர் சீறிக்கொண்டு வரும்; வடிக்கத் தவறினால் அது சிலிண்டருக்குள் போய்விடும். சாதாரண எண்ணெயோ கிரீஸோ காற்றுப் பாதையில் படவே கூடாது. உயர் அழுத்தத்தில் தீப்பற்றக்கூடும்.

வாரம் ஒருமுறைதான் பயிற்சி என்றால் பம்ப். தினமும் 60 குண்டு சுடுபவருக்கு, வேண்டிய அழுத்தம் வந்ததும் தானாக நிற்கும் வசதியுள்ள கம்ப்ரஸர். அந்த வசதி இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.