விளையாட்டுக் கம்பெனியா, பால் பண்ணையா?

பள்ளிப் பிள்ளைகளுக்குத் தொழில் நடத்தக் கற்றுக்கொடுக்க எது நல்ல வழி, விளையாட்டாக ஒரு கம்பெனியா, நிஜமான பால் பண்ணையா? அமெரிக்காவில் 1919-இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் முறையில், மாணவர்கள் சின்னக் கம்பெனி ஆரம்பித்து, பங்கு விற்று முதல் சேர்த்து, மெழுகுவர்த்தி மாதிரி எதையாவது செய்து விற்று, படிப்பாண்டு முடிந்ததும் பங்குதாரர்களுக்குக் காசைப் பிரித்துக் கொடுத்துக் கடையை மூடிவிடுவார்கள். நல்ல பயிற்சிதான், நஷ்டம் வந்தால் யார் வயிறும் காயாது. நகரத்தில் மாடு எங்கே கட்டுவது, அங்கே இதுதான் நடக்கும்.

ஆனாலும் என் ஓட்டு தென் அமெரிக்க நாடான பராகுவேயின் செரிட்டோ பண்ணைப் பள்ளிக்குத்தான். படிக்கிற பிள்ளைகளே மாடு கறந்து, தயிரும் பாலாடைக்கட்டியும் செய்து விற்று, வளாகத்து ஹோட்டலையும் கவனிக்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் பள்ளிச் செலவே ஓடுகிறது. அப்புறம், பால் திரிந்துபோனால் அது மதிப்பெண் கணக்கு இல்லை, சொந்தப் பள்ளியின் கல்லாக் கணக்கு.