போர்நிறுத்தக் கண்காணிப்பா, தனி மனித உரிமை அலுவலகமா?

2003 மார்ச்சில் ஜப்பானின் ஹக்கோனே நகரில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் ஆறாவது சுற்றுப் பேச்சுக்கு உட்கார்ந்தபோது, மேசைமேல் மனித உரிமைத் திட்டம் ஒன்றும் இருந்தது. எழுதிக் கொடுத்தவர் இயன் மார்ட்டின், அம்னஸ்டி இன்டர்நேஷனலின் முன்னாள் பொதுச்செயலாளர். இலங்கை மனித உரிமை ஆணைக்குழுவை நாடு முழுக்கச் செயல்படும் அளவுக்குப் பலப்படுத்துவது, புலிகளுக்கும் அரசுத் தரப்புக்கும் மனித உரிமைப் பயிற்சி அளிப்பது என்று படிப்படியாக அதில் சொல்லியிருந்தார். ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகினார்கள். திட்டம் அதோடு நின்றது. இரண்டு ஆண்டு கழித்து, 2005 மே மாதம், அதே மார்ட்டின் காத்மாண்டுவில் ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தைத் திறந்தார்.

இலங்கையையும் நேபாளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இதைவிட நல்ல காரணம் வேண்டாம். சமாதானம் பேசும் காலத்தில் ஒருவரை இரவில் வீட்டிலிருந்து இழுத்துப் போனால், மறுநாள் காலை அவருடைய அம்மா யாரிடம் போவார், போனால் என்ன நடக்கும்? இரண்டு நாடுகளும் இதற்கு வேறு வேறு பதில் வைத்திருந்தன. மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் மூன்றாவதாக ஒரு பதில் இருந்தது.

முதலில் இலங்கை. அரசும் புலிகளும் 2002 பிப்ரவரியில் செய்த போர்நிறுத்தப் புரிந்துணர்வு ஒப்பந்தத்தின் இரண்டாம் பிரிவு, பொதுமக்களைச் சித்திரவதை செய்யக்கூடாது, கடத்தக்கூடாது, மிரட்டிப் பணம் பறிக்கக்கூடாது என்று தெளிவாகவே சொன்னது. அதை மேற்பார்வையிட நார்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் அடங்கிய கண்காணிப்புக் குழு வந்தது. யாழ்ப்பாணம் முதல் அம்பாறை வரை 6 மாவட்டங்களில் உள்ளூர்க் குழுக்களும் அமைந்தன. ஒவ்வொன்றிலும் அரசு நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், ஒரு வெளிநாட்டவர்.

கண்காணிப்புக் குழுவின் தலைவரை நியமிக்கும் அதிகாரம் நார்வே அரசிடம் இருந்தது. பேச்சுக்கு அனுசரணை செய்ததும் நார்வேதான். இரு தரப்பையும் மேசையில் உட்கார வைத்திருக்க வேண்டிய நாடே, இரு தரப்பின் குற்றத்தையும் சொல்ல வேண்டிய நாடாகவும் ஆகிவிட்டது. என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் முதல் பலவீனம் இதுதான்.

மட்டக்களப்பில் 15 வயது மகனைப் புலிகள் கொண்டுபோய்விட்டார்கள் என்று ஒரு தாய் குழுவின் அலுவலகத்துக்கு வந்தால், முறைப்பாடு எழுதப்படும். புலிகளின் அரசியல் பிரிவிடம் கேள்வி போகும், பதில் வரும். கடைசியில் அது 'மீறல்' என்றோ 'மீறல் அல்ல' என்றோ பதிவாகும். அதற்கு மேல் குழுவால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை. 2007 வரையிலான பதிவில் புலிகள்மேல் சுமார் 3,800 மீறல்களும் அரசுமேல் சுமார் 350 மீறல்களும் இருந்தன. புலிகள் பக்கத்தில் பெரும்பங்கு பிள்ளைகளைப் படையில் சேர்த்தது. ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்து எடைபோடக்கூடாது. யார் செய்தது என்று நிறுவ முடியாத கொலையை எந்தத் தரப்பின் கணக்கிலும் எழுத முடியாது. அந்த ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் அப்படிப்பட்ட கொலைகளுக்குக் குறைவே இல்லை.

2006 ஆகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். குழுவின் தலைவராக இருந்த உல்ஃப் ஹென்றிக்சன், பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று அந்த மாதக் கடைசியில் வெளிப்படையாகத் தீர்ப்புச் சொன்னார். சொல்லியே ஆக வேண்டிய தீர்ப்பு அது. அரசு அதை நிராகரித்தது. ஹென்றிக்சனோ அப்போது கிளம்பும் நிலையில் இருந்தார். ஐரோப்பிய ஒன்றியம் மே மாதம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஒன்றியத்தைச் சேர்ந்த சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேற வேண்டும் என்று புலிகள் கேட்க, குழு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் போனது. 2008 ஜனவரியில் அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியதும் மிச்சமிருந்தவர்களும் போய்விட்டார்கள். கண்காணிப்பு போர்நிறுத்தத்தோடு கட்டப்பட்டிருந்ததால், மக்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாளில் அது இல்லாமல் போனது. இது இரண்டாவது பலவீனம், முதலாவதைவிடக் கொடியது.

நேபாளத்தில் வரிசையே வேறு. 2005 பிப்ரவரியில் மன்னர் ஞானேந்திரா ஆட்சியைக் கையில் எடுத்தார். மாவோயிஸ்ட் கிளர்ச்சியாளர்களோடு போர் நடந்துகொண்டே இருந்தது. உலகிலேயே அதிகமாகப் புதிய காணாமல் ஆக்கப்பட்டோர் வழக்குகள் ஐ.நா.வுக்குப் போன நாடு என்ற பெயர் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் நேபாளத்துக்குத்தான். அந்த நெருக்கடியில்தான் ஏப்ரலில் ஜெனீவாவில் ஐ.நா.வுக்கும் நேபாள அரசுக்கும் இடையே மனித உரிமை அலுவலக உடன்பாடு கையெழுத்தானது. எந்த முகாமுக்கும் முன்னறிவிப்பு இல்லாமல் போகலாம், கைதியிடம் தனியாகப் பேசலாம், கண்டதை வெளியிடலாம் என்ற மூன்று உரிமைகளும் அதில் இருந்தன. போர்நிறுத்தம் வந்தாலும் முறிந்தாலும் அலுவலகம் இருக்கும்.

திறந்த ஒரே மாதத்தில் சித்வான் மாவட்டத்தில் மாடி என்ற இடத்தில் மாவோயிஸ்டுகள் ஒரு பேருந்தைக் கண்ணிவெடியில் தகர்த்தார்கள். 35 பேருக்கு மேல் இறந்தார்கள். அலுவலகம் அங்கே போய் விசாரித்து மாவோயிஸ்டுகளைக் கண்டித்தது. அடுத்த ஆண்டு மே மாதம் இராணுவத்தின் முறை. காத்மாண்டு மகாராஜ்கஞ்ச் முகாமில் பைரவ்நாத் படைப்பிரிவு 2003-ல் பிடித்து வைத்திருந்தவர்களைப் பற்றிய அறிக்கை வெளியானது. மாதக்கணக்கில் கண்களைக் கட்டி வைத்திருந்தது, சித்திரவதை, பிறகு தடயமே இல்லாமல் போன 49 பேர் என்று எல்லாம் அதில் இருந்தது. உயிரோடு வெளியே வந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் பேசித் தொகுத்த அறிக்கை அது. தலைநகரின் நடுவிலேயே இது நடந்திருந்தது.

குற்றங்களை வெளிப்படையாகச் சொன்னால் பேச்சு முறிந்துவிடும் என்று சமாதானத் தரகர்கள் எப்போதும் பயமுறுத்துவார்கள். நேபாளத்தில் இரு தரப்பையும் பெயர் சொல்லிக் கண்டித்த பிறகுதான் 2006 நவம்பரில் விரிவான சமாதான உடன்பாடு கையெழுத்தானது. கண்காணிப்பைத் தொடரும் பொறுப்பும் அந்த உடன்பாட்டிலேயே ஐ.நா. அலுவலகத்துக்குத் தரப்பட்டது. அங்கே பேச்சு உண்மையிலேயே முறிந்த ஆண்டு 2003. அப்போது சர்வதேசக் கண்காணிப்பு கிடையாது. ஆகஸ்ட் 17 அன்று, மூன்றாம் சுற்று தொடங்கிய அதே நாளில், டோரம்பா என்ற கிராமத்தில் இராணுவம் 19 பேரைக் கொன்றது. மாதம் முடியும் முன் மாவோயிஸ்டுகள் விலகினார்கள்.

டோரம்பாவில் நடந்தது மோதல் அல்ல, பிடித்த பிறகு சுட்டது என்று கண்டுபிடித்துச் சொன்னது நேபாளத்தின் தேசிய மனித உரிமை ஆணையம். அந்தத் துணிச்சலுக்கு என் மரியாதை உண்டு. ஆனாலும் உள்ளூர் ஆணையத்தை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு இலங்கையே சாட்சி. 2006-ல், உறுப்பினர்களைப் பரிந்துரைக்க வேண்டிய அரசியலமைப்புப் பேரவை இயங்காத நிலையில் ஜனாதிபதி நேரடியாக ஆணைக்குழு உறுப்பினர்களை நியமித்தார். மறு ஆண்டே ஆணைக்குழுவின் சர்வதேசத் தகுதி இரண்டாம் நிலைக்கு இறக்கப்பட்டது. அதே 2007 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமை ஆணையர் லூயிஸ் ஆர்பர் கொழும்பு வந்துபோனார். நேபாளத்தில் இருப்பதுபோன்ற அலுவலகம் வேண்டும் என்ற கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. ஒன்றரை ஆண்டில் முள்ளிவாய்க்கால்.

எல் சால்வடோரை முன்மாதிரியாகச் சொல்பவர்கள் பலர். சுமார் 75,000 உயிர்களைக் குடித்த போர் அது. அங்கே 1990 ஜூலையிலேயே, போர்நிறுத்தம் வருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, அரசும் கெரில்லாக்களும் மனித உரிமைக்கென்று தனி உடன்பாடு போட்டார்கள். 1991 ஜூலையில் ஐ.நா. கண்காணிப்பாளர்கள் வந்து இறங்கியபோது சண்டை ஓயவில்லை. இந்த வரிசைதான் சரி என்று நினைக்கிறேன். மனித உரிமை உடன்பாடு முதலில் வந்தால், போர்நிறுத்தம் பேசும்போது மக்களின் உயிரைப் பேரம் பேச முடியாது.

நீதி விஷயத்தில் எல் சால்வடோரும் சறுக்கியது. 1993 மார்ச்சில் உண்மை ஆணையம் அறிக்கை வெளியிட்டது. தனக்கு வந்த 22,000-க்கு மேற்பட்ட முறைப்பாடுகளில் சுமார் 85 சதவீதத்தை அரசுத் தரப்பின்மேலும் கொலைக் குழுக்கள்மேலும் சுமத்தியது. ஐந்தே நாளில் நாடாளுமன்றம் எல்லோருக்கும் பொதுமன்னிப்புச் சட்டம் நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2016 வரை ஆனது.

நேபாளத்திலும் இந்த இடத்தில்தான் கால் இடறியது. காணாமல் ஆக்கப்பட்டோரின் விவரத்தை 60 நாளில் வெளியிடுவோம் என்று 2006 உடன்பாட்டில் இரு தரப்பும் எழுதிக் கொடுத்தார்கள். வெளியிடவில்லை. 2011 டிசம்பரில் ஐ.நா. அலுவலகம் மூடப்பட்டது. உண்மை ஆணையமும் காணாமல் ஆக்கப்பட்டோர் ஆணையமும் அமைந்தது 2015 பிப்ரவரியில். உண்மை ஆணையத்துக்கு 60,000-க்கு மேல் முறைப்பாடுகள் வந்து குவிந்தபோது, முகாமுக்குள் போய்ப் பார்த்த, சாட்சிகளை நேரில் அறிந்த அந்த அலுவலகம் நாட்டில் இல்லை.

அதனால் இலங்கை ஏற்பாட்டையும் நேபாள ஏற்பாட்டையும் வைத்து ஒன்றை எடு என்றால் தயங்காமல் நேபாளத்தையே எடுப்பேன். அதை எல் சால்வடோர்போல் போர்நிறுத்தத்துக்கு முன்பே கொண்டுவர வேண்டும். அலுவலகம் எப்போது மூடலாம் என்பதை அரசின் விருப்பத்துக்கு விடக்கூடாது. காணாமல் ஆக்கப்பட்டோர் வழக்குகளின் விசாரணை முடியும் வரை அது இருக்கும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும்.