பெண் கலைஞர்களின் கூடம்: இரு வழிகள்

பெண் கலைஞர்களுக்கான ஒரு கலைக்கூடம் சமூக நிகழ்ச்சிகளைத் திட்டமிடும்போது, அமெரிக்காவின் இரு முன்மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

1972இல் நியூயார்க்கில் 20 பெண் கலைஞர்கள் கூட்டுறவு முறையில் தொடங்கிய ஏ.ஐ.ஆர். காட்சியகத்தில் செலவையும் நிர்வாகத்தையும் உறுப்பினர்களே பகிர்ந்துகொண்டதால், அங்கே திங்கட்கிழமை மாலைகளில் நடந்த உரைகளும் விவாதங்களும் கலைஞர்களின் உடனடித் தேவைகளுக்கு நெருக்கமாக அமைந்தன. யார் பேசுவது, எதைப் பேசுவது என்பதைப் படைப்பவர்களே தீர்மானித்தது எளிய செய்தியன்று. அதிகாரம் கைமாறியதன் அடையாளம் அது. 1993இல் தொடங்கிய நல்கைத் திட்டமோ, வளர்ந்துவரும் கலைஞர்களுக்குத் தனிக்காட்சி நடத்தும் வாய்ப்பைத் தந்தது.

வாஷிங்டனில் 1987இல் திறக்கப்பட்ட பெண் கலைஞர்களுக்கான தேசிய அருங்காட்சியகம் பொதுமக்களை முன்னிறுத்துகிறது. ஐந்து பெண் கலைஞர்களின் பெயரைச் சொல்ல முடியுமா என்று 2016இல் சமூக ஊடகங்களில் அது எழுப்பிய கேள்வி, கலையுலகுக்கு வெளியே இருந்தவர்களையும் யோசிக்க வைத்தது. இத்தகைய வீச்சு சிறிய கூட்டுறவுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. எனினும் அதைத் தொடர்ந்து தக்கவைக்க ஊழியர்களும் நன்கொடையாளர்களும் வேண்டும்.

புதிதாகத் தொடங்கும் சிறிய கூடத்துக்கு முதல் வழியையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். ஆனால், விவாத மாலைகள் உறுப்பினர்களுக்குள்ளேயே சுருங்கிவிடாதபடி, மாதம் ஒரு முறையாவது கட்டணமின்றி எல்லோருக்கும் கதவைத் திறந்துவைக்க வேண்டும்.