முன்சக்கரம் பின்னால் தள்ளிப்போன ஆல்டிஸ்: ஐந்தாண்டு அனுபவம்

2014இல் பதிவுசெய்த டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் 2024இல் காலாவதியானபோது, காரை ஒப்படைத்துவிடாமல் மேலும் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்தேன். முன்சக்கரத்தில் இருந்த ஒரு கோளாற்றின் மூலத்தைக் கண்டுபிடித்துத் தீர்த்துவிட்டோம் என்ற நம்பிக்கை இல்லாமல் போயிருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன். சக்கரங்களின் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் அறிக்கையிலேயே அச்சாகியிருந்தும் யார் கண்ணிலும் படாமல் போன கோளாறு அது.

2020 டிசம்பரில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் ஏற்றத்தில் திரும்பும்போது இடது முன்சக்கரம் ஓரக்கல்லில் பலமாக மோதியது. ரிம்மில் ஒரு கீறல் விழுந்ததே தவிர, டயருக்குச் சேதமில்லை. மறுநாள் தீவு விரைவுச்சாலையில் ஸ்டியரிங்கைத் தளர்த்திப் பிடித்தால் கார் இடப்பக்கமாக ஒதுங்கியது. மழைநீர் வடிவதற்காகச் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சற்றுச் சரிந்திருப்பதால் லேசான இழுப்பு இயல்புதான் என்று முதலில் எண்ணினேன். ஆனால் எந்தத் தடத்திற்கு மாறினாலும் அதே பக்கமாகவே இழுத்தது.

அலைன்மென்ட் செய்யக் கொடுத்தேன். டோ அளவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்து, ஸ்டியரிங்கை நேராக்கி, பச்சை நிறக் கட்டங்கள் நிறைந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். இழுப்பு மட்டும் அப்படியே இருந்தது. டயரின் உள்கட்டமைப்பே சில வேளைகளில் காரை ஒரு பக்கம் இழுக்கும் என்பதால், முன்டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பழுது டயரில் இருந்திருந்தால் இழுப்பும் வலப்பக்கம் மாறியிருக்க வேண்டும், அது மாறவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் கழுவும்போதுதான் உண்மை வெளிப்பட்டது. வலது சக்கரத்திற்கும் அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் இடையே மூன்று விரல் நுழைந்தது; இடப்பக்கம் இரண்டு விரலே நுழைந்தது. அந்த இடது உறையில், ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துப் பின்னோக்கி எடுக்கும்போது டயர் உரசிய தடம் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளத்தது.

கண்ணளவை நம்பாமல் அளந்து பார்ப்பதென்று முடிவுசெய்தேன். டயர்களின் காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மட்டமான தரையில் காரைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தினேன். நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கி, தரையில் சுண்ணக்கட்டியால் குறித்து, முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள தூரத்தை நாடாவால் அளந்தேன். நிறுவனம் கூறும் அளவு 2,700 மி.மீ. வலப்பக்கம் 2,699 வந்தது, இடப்பக்கம் 2,686. ஓரிரு மில்லிமீட்டர் என்றால் என் கைப்பிசகாக இருக்கலாம், 13 மில்லிமீட்டர் அப்படியல்ல. வீட்டுக்குள் வந்து பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒரு முன்சக்கரம் மற்றதைவிட எவ்வளவு பின்தங்கி நிற்கிறது என்பதைக் காட்டும் ‘செட்பேக்’ என்ற வரியில் ஏறக்குறைய அரை டிகிரி என்று இருந்தது. சக்கரங்களுக்கு இடையே சுமார் ஒன்றரை மீட்டர் அகலமுள்ள காரில் 13 மில்லிமீட்டருக்கு அதுதான் கணக்கு. அந்த வரிக்குப் பச்சையோ சிவப்போ கிடையாது. அதனாலேயே அதை ஒருவரும் படிக்கவில்லை என நினைக்கிறேன்.

சின் மிங் வட்டாரத்தில் வேறொரு பணிமனையில் காட்டினேன். காரை உயர்த்துவதற்கு முன்பே அங்கிருந்த தமிழ் மெக்கானிக் காஸ்டரை அளந்தார். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அதன் மேல்முனை பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதே காஸ்டர். அது எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் கார் இழுக்கும். இடப்பக்கம் 1.2 டிகிரி குறைவாக இருந்தது. வலப்பக்கம் நிறுவன வரம்புக்குள் இருந்தது. இரு முன்சக்கரங்களின் பாகங்களையும் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் திருகியிருந்தால், ஒரு பக்கம் குறையும்போது மறுபக்கம் கூடியிருக்கும்; அதனால் பழுது அதில் இல்லை. அடிப்புறத்தில் இருக்கும் நிலையான துளைகளிலிருந்து அளந்ததில் பின்சக்கரங்களும் சரியாகவே நின்றன. “அண்ணே, லோவர் ஆர்ம்தான் வளைஞ்சிருக்கு. இந்தக் காருல காஸ்டரத் திருப்பி வைக்க ஸ்க்ரூ கிடையாது, ஆர்மத்தான் மாத்தணும்” என்றார். சக்கரத்தின் கீழ்ப்பகுதியைக் காரின் சட்டத்துடன் பிணைக்கும் கைதான் லோவர் ஆர்ம். கழற்றிய ஆர்மைப் புதியதன் மேல் வைத்துக் காட்டியபோது, சக்கரப் பக்கத்து மூட்டான பால் ஜாயின்ட்டுக்குரிய துளை ஒரு விரலளவு தள்ளிப்போயிருந்தது எனக்கே தெரிந்தது. புதிய ஆர்ம் பொருத்தியதும் இழுப்பு நின்றது. மலாக்காவுக்குப் போய்த் திரும்பிய நெடும்பயணத்தில் கை சற்றும் வலிக்கவில்லை.

இத்துடன் முடிந்திருக்க வேண்டியது. 2023 தொடக்கத்தில் பிரேக் போடும்போது இடப்பக்கம் ‘டொக்’ என்ற சத்தம் கேட்கத் தொடங்கியது. அளந்து பார்த்தால் 6 மி.மீ. வித்தியாசம். இம்முறை ஆர்ம் வளையவில்லை. அதைச் சட்டத்துடன் இணைக்கும் பின்பக்கப் பெரிய ரப்பர் வளையமான புஷ் கிழிந்திருந்ததால், பிரேக் அழுத்தும்போதெல்லாம் சக்கரம் பின்னால் நகர்ந்து நகர்ந்து வந்தது. இரண்டே ஆண்டுகளில் ஏன் கிழிந்தது என்று விசாரித்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கார் லிஃப்டில் தொங்கும் நிலையில் ஆர்மின் போல்ட்டுகளை இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், விரைவில் கிழியும். காரின் எடை சக்கரங்கள் மீது இறங்கிய பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். முதல் தடவை அப்படிச் செய்யவில்லை என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு, கூலி வாங்காமல் மாற்றித் தந்தார்கள். நான் பக்கத்தில் நின்று, கார் தரைக்கு வந்த பிறகு இறுக்கியதைப் பார்த்த பின்பே கிளம்பினேன். வலப்பக்க ஆர்மையும் அன்றே மாற்றிக்கொண்டேன். அவசியமா என்றால், இல்லை. பத்தாண்டு நெருங்கிய ரப்பரை ஒரு பக்கம் விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை.

அதன் பிறகு டயர்களை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் தூக்குக்குண்டையும் நாடாவையும் எடுத்துவிடுவேன். அரை மணி நேர வேலை. போன மாதம் வலம் 2,699, இடம் 2,698. இடது உறையில் பளபளத்த அந்தத் தடத்தின் மேல் இப்போது செம்மண் தூசி படிந்திருக்கிறது.