அமெரிக்கக் காசில் நாணயச்சாலைக் குறி பார்க்க: லூப்பா, யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பா?

காசு எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று காட்டும் சிறு எழுத்துதான் நாணயச்சாலைக் குறி. அதைப் பார்க்க லூப் (கண்ணருகே பிடித்துப் பார்க்கும் சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வாங்குவதா, கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டும் யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்குவதா என்று பழைய அமெரிக்கக் காசு சேர்ப்பவர்கள் குழம்புவது இயல்பு. நான் இரண்டையும் பயன்படுத்துகிறேன்.

செலவு: லூப் மலிவு. மைக்ரோஸ்கோப்புக்குக் கணினியும் வேண்டும்.

வேகம்: லூப்தான். எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். லிங்கன் சென்ட்டில் (லிங்கன் உருவம் உள்ள ஒரு சென்ட் காசு) ஆண்டுக்குக் கீழே. மோர்கன் டாலரில் (பழைய வெள்ளி டாலர் காசு) பின்பக்கம், இலைமாலைக்கு அடியில். 10 மடங்கு லூப்பில் ‘எஸ்’ஸா (சான் ஃபிரான்சிஸ்கோ) ‘டி’யா (டென்வர்) என்பது நொடியில் தெரிந்துவிடும்.

போலியைப் பிடிக்க: இங்கே மைக்ரோஸ்கோப்பை அடிக்க முடியாது. 1916இல் டென்வரில் அச்சான மெர்க்குரி டைம் (பத்து சென்ட் காசு) 2,64,000 மட்டுமே. அதனால், குறியே இல்லாத ஃபிலடெல்ஃபியா டைமில் ‘டி’யை ஒட்டி ஏமாற்றுகிறார்கள். வெளிச்சத்தைச் சாய்த்து, எழுத்தின் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒட்டிய கோடோ பசைத் தடமோ இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். 1900 மோர்கனில் ‘சிசி’ (கார்சன் சிட்டி) குறி மேல் ‘ஓ’ (நியூ ஆர்லியன்ஸ்) குறி பதிந்த வகையைப் படமெடுத்து ஒப்பிடவும் இதுவே வசதி. லூப்பில் படம் எடுப்பது சிரமம்.

கடை கடையாக நின்று வாங்குபவருக்கு லூப் போதும். அரிய தேதிகளுக்குப் பெரிய தொகை கொடுப்பவர் மைக்ரோஸ்கோப்பும் வாங்கட்டும். ஒன்றுதான் முடியும் என்றால், முதலில் லூப்.