ஐ.இ.பி-யா, 504 திட்டமா?

கருவில் மது பட்டதால் பாதிப்போடு பிறந்த பிள்ளையை வளர்க்கிற அமெரிக்கப் பெற்றோர், வளர்ப்புப் பெற்றோர் பலரும் பள்ளியில் வந்து தடுமாறும் இடம் இதுதான். ஐ.இ.பி (IEP) என்பது பிள்ளைக்கென்றே எழுதும் தனிச் சிறப்புக் கல்வித் திட்டம்; 504 என்பது வழக்கமான வகுப்பிலேயே சலுகைகள் தரும் திட்டம்.

செலவு: இரண்டுக்குமே ஒரு காசு கட்ட வேண்டாம்.

தகுதி: 504 கிடைப்பது எளிது. குறைபாடு அன்றாட வாழ்வைப் பெரிதாகத் தடுத்தால் போதும், இது 1973-ன் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு. ஐ.இ.பி-க்கு, சிறப்புக் கல்விச் சட்டம் சொல்லும் 13 குறைபாட்டு வகைகளில் ஒன்றில் வர வேண்டும். கருவில் மது பட்டதால் வரும் பாதிப்புக்கான எஃப்.ஏ.எஸ்.டி (FASD) என்ற பெயர் அதில் இல்லை, பெரும்பாலும் 'பிற உடல்நலக் குறைபாடு' வழியாகத்தான் போக வேண்டும்.

கிடைப்பது: 504-ல் கூடுதல் நேரம், அமைதியான இடம், படம் போட்ட கால அட்டவணை. ஐ.இ.பி-யில் இவற்றோடு தனிப் பயிற்சி, எழுதிவைத்த இலக்குகள், வருடாந்தர மறுபார்வை.

இங்கேதான் வித்தியாசம். திங்கள் மாலை ஏழாம் வாய்ப்பாட்டைக் கடகடவென ஒப்பித்த பிள்ளை செவ்வாய் காலை பென்சிலைப் பிடித்தபடி வெறுமனே உட்கார்ந்திருக்கும், அதைச் சோம்பல், திமிர் என்று திட்டுவார்கள், உண்மையில் மூளைக்கு நேற்றுப் படித்ததை எடுத்துத் தர முடியவில்லை. அரை மணி கூடுதலாகக் கொடுத்து என்ன பயன்? மறுபடி சொல்லித்தர ஆள் வேண்டும்.

தண்டனை: பள்ளியை விட்டு நீக்கினாலும் ஐ.இ.பி பிள்ளைக்குக் கல்வியை நிறுத்தக் கூடாது. 504-ல் அந்த உறுதி இல்லை.

பள்ளிக்குப் பின்: ஐ.இ.பி முடிந்துவிடும். 504 தரும் பாதுகாப்பு கல்லூரியிலும் உண்டு.

பாடம் ஏறுகிறது, சத்தமும் அவசரமும்தான் தொல்லை என்றால் 504 போதும். மறதியும் கோபமும் தினசரிப் போராட்டம் என்றால் ஐ.இ.பி-க்கே நில்லுங்கள். மதிப்பீடு வேண்டும் என்று தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியாகக் கேட்டால் கிடப்பில் போய்விடும்.